இரண்டு சொடக்கு

வாணிக்கு முன்னால் இன்னும் நாலு பேர் சுட வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்குள் நல்லசிவம் எழுந்து போய், பத்தடி தள்ளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தன் பெண்டாட்டி வாணியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அம்மிணி, உன் ரைஃபிள் ஸ்க்ரூவுல அந்த ரெண்டு சொடக்கு நான் திறந்து வெக்கல. இவ்வளவுதான் வாக்கியம், சொல்ல ஒரு மூச்சுக்கூட முழுசாக வேண்டாம். காலையிலிருந்து வாய்க்குள் போட்டு உருட்டுகிறான், உருட்ட உருட்ட அது பெரிசாகிறதே தவிர வெளியே வந்து விழுகிற வழியைக் காணோம். சொல்லாவிட்டால்தான் என்ன ஆகிவிடும்? யாருக்கும் அடிபடாது, ரத்தக் காயம் கிடையாது. இந்தக் குளிருக்கு அவளுடைய துப்பாக்கி மூணாவது குண்டிலோ நாலாவது குண்டிலோ திக்கி நிற்கும். அவள் இழுத்து உதறிச் சரிசெய்வாள், மறுபடி நிற்கும், கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடும். மாநிலப் போட்டிக்கு இந்தத் துப்பாக்கி சுடும் ரேஞ்சிலிருந்து ஒரு பெண்மணியை அனுப்புவார்கள், அந்த இடம் வேறு யாருக்காவது போகும். அவ்வளவுதானே. அதற்காக நாளைக்கு டெக்சாஸில் விடியாமலா போய்விடும்? இப்படித் தன்னையே கேட்டுக்கொண்டான்.

டேரில் கையிலிருந்த டைமர் பீப் என்றது. எழுபதை நெருங்கிய வெள்ளைக்காரர் டேரில், இந்த ரேஞ்சில் போட்டி நடத்துகிறவர். சுட வருகிறவர் கோட்டில் வந்து நின்றதும் "ரெடியா?" என்று ஒரு தடவை கேட்பார். பதில் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறக்காவிட்டால் ரெடி என்று அர்த்தம், ரெடி இல்லை என்றால் மட்டும் இல்லை என்று சொல்ல வேண்டும், இங்கே அதுதான் சட்டம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் முறை வந்தபோது நல்லசிவத்துக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. பேசாமலே காரியம் நடக்கிற இடம் ஒன்றாவது இருக்கிறதே என்று நினைத்தான். ஆபீசில் பேச வேண்டும், போனில் அண்ணனிடம் பேச வேண்டும், தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் அங்கே பேச்சைத் தவிர வேறொன்றும் கிடையாது. இங்கே வந்து சும்மா நின்றால் போதும், சுடு என்பார்கள். முதல் ஆள் சுட்டு முடித்தான். எல்லோரும் எழுந்து போய், குறி அட்டைகளில் விழுந்த ஓட்டைகளுக்குப் பழுப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அடுத்தவருக்குப் புது அட்டை மாதிரி இருக்க வேண்டுமே. வாணி இவன் பக்கத்து அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள், விரல் நுனியெல்லாம் குளிரில் சிவந்திருந்தது. இதோ, இப்போது, பக்கத்தில் யாரும் இல்லை. நல்லசிவம் வாயைத் திறந்தான். "குளுருதா?" என்றான். "பின்னே குளுராதுங்களா? நாலு டிகிரிங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒரு ஸ்டிக்கரை அவன் ஜாக்கெட் கையில் ஒட்டிவிட்டுப் போனாள். போகிறவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜாக்கெட்டில் ஓட்டை எதுவும் இல்லையே, எதற்கு ஒட்டினாள் என்று யோசித்தான்.

மிஸ் வாணி. அப்படித்தான் டேரில் அவளைக் கூப்பிடுவார். இவனை? போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம், இவர்தான் வாணியின் வீட்டுக்காரர் என்று அறிமுகப்படுத்தினார். பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்து, இந்தச் சுண்ணாம்புக்கல் மேட்டில் இவன் உதிர்த்த பித்தளைக் கூடுகளைக் கூட்டி அள்ளினால் ஒரு லாரி தேறும், கடைசியில் வாணியின் வீட்டுக்காரர்! காங்கயத்திலிருந்து அண்ணன் போன் பண்ணி, "ஏண்டா, அம்மிணி உன்னையவிட நல்லாச் சுடுதாமா?" என்று கேட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். பொங்கல் விழாவில் திரை கட்டி அவள் சுடுகிற வீடியோவைப் போட்டார்கள், வீரமங்கை என்று ஒருவர் மைக்கில் முழங்கினார், கூட்டம் விசிலடித்தது. அந்த வீடியோவை எடுத்தது யார்? நல்லசிவம். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பையில் வைத்தது யார்? நல்லசிவம். ஓரத்தில் அரை வினாடி ஒரு கை தெரியும், தண்ணீர் பாட்டில் நீட்டுகிற கை, அதுவும் நல்லசிவம். எரிச்சலா? சே, சொந்தப் பெண்டாட்டிமேல் எவனாவது பொறாமைப்படுவானா? பங்காளிமேல் படலாம், கூட வேலை பார்க்கிறவன்மேல் படலாம், அதற்கெல்லாம் ஊரில் பேர் வைத்திருக்கிறார்கள். கட்டிக்கொண்டு இருபத்துநாலு வருஷம் ஆனவள்மேல் வருகிற இந்தக் காந்தலுக்கு யாரும் பேர் வைக்கவில்லை. பேர் இல்லாததால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை, ராத்திரியும் பகலும் உள்ளேயே கிடந்து தின்றது. ஆமாம், பொறாமைதான். அது பொறாமையேதான்.

இத்தனைக்கும் கூட்டிக்கொண்டு வந்தவனே இவன்தான். மகள் காலேஜுக்குப் போன பிற்பாடு வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்து கிடக்கிறாளே என்று, வர மாட்டேன் என்றவளை இழுத்துக்கொண்டு வந்தான். "துப்பாக்கியா? கருமம், நான் எதுக்குங்க அங்க" என்றவள்தான் இவள். முதல் நாள் பத்துக் குண்டு சுட்டாள். இந்த மாதிரி ரைஃபிளில் ஒவ்வொன்றுக்கும் கையால் இழுக்கிற வேலை இல்லை, விசையை அழுத்த அழுத்த அதுவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும், ஆனால் ஏற்றிக்கொள்ளும்போதெல்லாம் தோளில் ஒரு உதை விடும். வீட்டுக்கு வந்து ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினாள், தோள்பட்டை நாவல் பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. அந்த நாவல் பழ நிறத்தைப் பார்த்தபோது நல்லசிவத்துக்கு மனசுக்குள் எவ்வளவு சந்தோஷம், அப்பா! அவளுக்கு வலித்ததே என்று இல்லை, அவளுக்கு இவன் வேண்டியிருந்ததே என்று. "இந்த உதையக் கொறைக்க முடியாதுங்களா?" என்று கேட்டாள், உனக்கு எதுக்குடி கவலை, நான் எதுக்கு இருக்கேன் என்றான். ஒரு மாசம் கராஜே கதி என்று கிடந்தான். துப்பாக்கிக் கட்டையின் பின்னால் மெத்தென்று ரப்பர் பட்டை மாட்டினான். கட்டைக்குள்ளே ஈயக் கட்டி வைத்துக் கனம் ஏற்றினான், கனமான துப்பாக்கி சீக்கிரம் துள்ளாது. குழல் வாயில் பக்கவாட்டில் துளை போட்ட பிரேக் ஒன்றைத் திருகினான், முன்னால் போகிற புகை பக்கமாகப் பிரிந்து போகும், உதை பாதியாகிவிடும். அதில் ஒரு விசேஷம் என்னவென்றால், சுடுகிறவருக்கு உதை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் சத்தமாகவும் காற்றாகவும் பக்கத்தில் நிற்கிறவன் நெஞ்சில் வந்து அறையும். பக்கத்தில் நிற்கிறவன் யாரு? நம்ம ஆள்தான், வேறு யாரு. அதைக்கூடச் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டான், அப்போது அவள் இருபத்திரண்டாவது இடத்தில் இருந்தாள், இவன் பதினொன்றில் இருந்தான்.

இரண்டாவது ஆளும் முடித்துவிட்டான். ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இரண்டே வருஷம். இப்போது அவள் ஐந்து, இவன் பதினாலு. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரிகிறதா அவளுக்கு? "தெரியுதுங்க, அளுத்துறேன், உளுகுது" என்பாள். இவன் வாங்கிப் படித்த புத்தகம் ஒரு அலமாரி, பார்த்த வீடியோவுக்குக் கணக்கில்லை, மூச்சை எங்கே நிறுத்துவது, முழங்கையை எங்கே வைப்பது என்று தூக்கத்திலும் சொல்லுவான். அவளோ கடையில் தள்ளுவண்டியைத் தள்ளுகிற மாதிரி முன்னால் சாய்ந்து நின்று, தோளைக் கொடுத்து, படபடவென்று முடித்துவிட்டு, "புளிசோத்துக்கு அப்பளம் எடுத்து வெச்சீங்களா?" என்று கேட்பாள். நல்லசிவம் பின்னால் சாய்வான். சாயாதே, முன்னால் வா என்று டேரில் பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறார், உதை வரும் என்று தெரிந்த உடம்பு தன்னால் பின்வாங்கிக்கொள்கிறது, தொப்பை வேறு. அவள் உடம்புக்கு அந்தப் பயம் இல்லை. ஏன் இல்லை? உதையைத்தான் இவன் எடுத்துவிட்டானே! இவன் எடுத்துவிட்ட உதையில் ஏறி அவள் ஐந்தாம் இடத்துக்குப் போய்விட்டாள், இவன் தன்னுடைய உதையை வாங்கிக்கொண்டு பதினாலில் கிடக்கிறான். நியாயமா இது, சொல்லுங்கள். ஆனால் இவன் துப்பாக்கியிலும் அதே ரப்பர், அதே ஈயம், அதே பிரேக் மாட்டியிருக்கிறதே என்று மனசின் இன்னொரு மூலை எடுத்துக் கொடுத்தது, அதை மட்டும் நல்லசிவம் காதில் வாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். போட்டிக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கேஸ் ஸ்க்ரூவைப் பார்த்துக் கொடுங்கள், இன்னும் கொஞ்சம் உதை குறைந்தால் தேவலை என்றாள். குண்டு வெடிக்கும்போது குழலில் இருக்கிற சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் புகை பின்னால் வந்து உள்ளேயிருக்கும் இரும்பை இடித்துத் தள்ளும், காலிக் கூடு வெளியே தெறிக்கும், அடுத்த குண்டு ஏறும். அந்தப் புகையை அளந்து விடுவதுதான் கேஸ் ஸ்க்ரூ, திருகும்போது சொடக் சொடக்கென்று நின்று நின்று திரும்பும், மூட மூட இடி மெதுவாகும், உதை குறையும். ரொம்ப மூடினால் இரும்பு பாதி வழியில் நின்றுபோகும், கூடு மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுட்டு, ஒவ்வொரு சொடக்காக மூடிக்கொண்டே வர வேண்டும். எங்கே நிற்கிறதோ அதற்கு ஒரு சொடக்கு முன்னால் வந்து, அங்கிருந்து பாதுகாப்புக்கு இரண்டு சொடக்கு திறந்து வைக்க வேண்டும், குளிர் நாள் வரும், குழலில் கரி சேரும், அதற்காக. இந்தப் பாடத்தை வாணிக்கு நடத்தியவனும் இவன்தான். அன்றைக்கு இவன் குனிந்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் நிழலில் டேரில் அவளிடம் என்னவோ சொன்னார், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அப்படி அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று? "என்ன சொன்னாரு?" என்று இங்கிருந்தே கேட்டான். "ஒண்ணுமில்லீங்க, உங்களப் பத்தித்தான்" என்றாள். என்னைப் பத்தி என்ன? தொப்பையையா? பதினாலையா? குனிந்தான். ஸ்க்ரூ திருகுகிற சாவி கையில் இருந்தது. இரண்டு சொடக்கு திறக்க வேண்டிய இடத்தில் கை நின்றது. உதையைக் குறைத்துக் கொடு என்றுதானே கேட்டாள், இதோ, இதைவிடக் குறைவாக உலகத்தில் ஒருத்தனும் குறைக்க முடியாது, எடுத்துக்கொள். சாவியைப் பெட்டியில் போட்டு மூடினான். வெயிலில் அஞ்சாறு குண்டு சுட்டுப் பார்த்து, "அய்யோ, சும்மா பஞ்சு மாதிரி இருக்குதுங்க" என்று அவள் குதித்தாள்.

மூன்றாவது ஆள் போய் நின்றாயிற்று. ரெடியா என்றார் டேரில், அவன் பேசவில்லை, பீப் என்றது. வெள்ளிக்கிழமை சமையலறையில் வாணி கீரை ஆய்ந்துகொண்டே, "துப்பாக்கில இன்னும் ஏதாச்சும் பாக்கோணுங்களா?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் திக்கென்றது. பிறகு அந்தத் திக்கே கோபமாகத் திரும்பிக்கொண்டது. என் வேலையிலேயே சந்தேகமா? அஞ்சாம் இடம் வந்ததும் என்னையே சோதிக்கிற அளவுக்கு ஆயாச்சா? "அதெல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றான் வெடுக்கென்று. அவள் கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டிருந்தாள். இன்று காலை காரில் வரும்போது மறுபடியும், "எல்லாஞ் சரிங்களா?" என்றாள். "ம்" என்றான். இரண்டு தடவை கேட்டுவிட்டாள். எதற்காக ஒருத்தி ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டும்? பதற்றமாக இருக்கும். பாவம், மாநிலப் போட்டி என்றதும் பயந்திருப்பாள். பாவம் என்ற சொல் வந்ததும் நல்லசிவத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, எழுந்துவிடலாம் என்று நாற்காலியின் கையைப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான், ஏனென்றால் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி ஒன்று வரும். ஏன் திறந்து வைக்கவில்லை? மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட மறக்காதவன் எப்படி மறந்தாய் என்று அவள் முகம் கேட்கும். அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒட்டப் போன இடத்தில் டேரில் பக்கத்தில் வந்து நின்றார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. "நால், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்றார், நல்லசிவத்தில் அவருக்கு வாயில் நுழைந்தது அவ்வளவுதான். "என் ரைஃபிளையும் உன் மனைவியுடையது மாதிரி பண்ணிக் கொடுப்பாயா? தோள் தாங்கவில்லை, வயசாகிவிட்டது. போன வாரமே அவளிடம் கேட்டேன். என் வீட்டுக்காரரை நேரிலேயே கேளுங்கள், ஆனால் முதலில் இரண்டு மணி நேரம் பாடம் எடுப்பார், உட்கார நாற்காலி கொண்டு போங்கள் என்று சொல்லிச் சிரித்தாள். இந்த ரேஞ்சில் உன் அளவுக்குக் கை சுத்தமாக ரைஃபிள் பார்க்கிறவன் வேறு யாரும் இல்லை." தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அட, இதற்கா சிரித்தாள்! தொப்பை இல்லை, பதினாலு இல்லை, இரண்டு மணி நேரப் பாடம். அவள் சொன்னதும் நிஜம்தானே, இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து எதை இவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்? ஒரு வாரமாக எதைப் பிடித்துக்கொண்டு நின்றானோ அது கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. இனி சொல்லாமல் இருக்க ஒரு காரணமும் பாக்கி இல்லை. நாலாவது ஆள் சுட்டுக்கொண்டிருந்தான். வாணி எழுந்து, துப்பாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு இவனைத் தாண்டித்தான் போனாள். கொஞ்சம் நின்றாள். இவன் முகத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். இப்போதுகூடச் சொல்லலாம், பத்து வார்த்தை இல்லை. "பாத்துச் சுடு" என்றான் நல்லசிவம். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ரெடியா, என்றார் டேரில். வாணி பேசவில்லை. பீப். ஒன்று. இரண்டு. நல்லசிவம் எண்ணினான், காதுக் கவசத்துக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. மூன்று, இதோ, நாலு, இப்போது நிற்கும், ஐந்து, ஆறு. கூடுகள் வெயிலில் மினுங்கித் தெறித்து விழுந்தன. நிற்கவில்லை. முன்னால் சாய்ந்து, தள்ளுவண்டி தள்ளுகிற தோளோடு, அட்டையிலிருந்து அட்டைக்குப் போனாள். பத்து. பதினொன்று. கடவுளே நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான், வேண்டிக்கொண்டே எப்படி நிற்காமல் போகிறது என்றும் யோசித்தான், கணக்குப் பிசகாதே, இந்தக் குளிரில் அந்த ஸ்க்ரூ தாங்காதே. பதினேழு. பிரேக்கிலிருந்து பிரிந்த காற்று அவ்வளவு தூரத்திலும் நெஞ்சில் வந்து தட்டியது. இருபத்துநாலு. முடிந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், நல்லசிவமும் கைதட்டினான். கைதட்டுவதற்கு முன்னால், ஒரு நொடிக்கும் குறைவாக, அவனுக்குள் ஒன்று எழுந்து அடங்கியது. சந்தோஷம் இல்லை அது. ஏமாற்றம். அடப் பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டான். தான் இன்ன மாதிரி ஆள் என்று ஐம்பது வயசில் ஒருவனுக்குத் தெரியவருவதற்கு இருபத்துநாலு குண்டு போதுமாக இருந்தது.

அடுத்தது இவன் முறை என்பதால் ஒட்டப் போக வேண்டியதில்லை. மற்றவர்கள் அட்டைப் பக்கம் போய்விட்டார்கள். வாணி துப்பாக்கியைப் பையில் வைத்து மூடிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றினாள். மூடியில் ஊற்றியதை அவனிடம் நீட்டினாள். "நல்லா ஓடுச்சு" என்றான். "ஓடும். வியாழக்கெளம நீங்க ஆபீஸ் போனதுக்கப்புறம் இங்க வந்தேனுங்க. குளிரு வருதுன்னு நியூஸ்ல சொன்னாங்க, ஒருக்காப் பாத்துரலாம்னு. மூணாவது குண்டுல நின்னுபோச்சு. ரெண்டு சொடக்கு திறந்து வெச்சேன், சரியாப்போச்சு." வாய் வரைக்கும் கொண்டுபோன காப்பி மூடியை இறக்கினான் நல்லசிவம். வாணி அதைப் பார்க்காமல் பிளாஸ்கின் தக்கையைத் திருகினாள். "உங்களுதையும் எடுத்துட்டு வந்திருந்தேன். அதுலயும் மறந்திருப்பீங்களோன்னு மூடிச் சுட்டுப் பாத்தேன். உங்களுதுல சரியா ரெண்டு விட்டிருக்கீங்க. திருப்பி அப்பிடியே வெச்சுட்டேன்." தூரத்தில் யாரோ சிரித்தார்கள். "மூணு நாளா நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு தடவ கேட்டேன்." அப்புறம் அவனைப் பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை, இருந்திருந்தால் பிழைத்திருப்பான். "மறந்துட்டீங்கதானுங்களே?"

ஒட்டப் போனவர்கள் திரும்பியதும், "நால், வா!" என்று டேரில் கூப்பிட்டார். நல்லசிவம் எழுந்தான். மூடியை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. கோட்டில் போய் நின்றான், துப்பாக்கியை எடுத்தான், குண்டு ஏற்றினான், கை தன்பாட்டுக்குச் செய்தது. மறந்துட்டீங்கதானே. ஆமாம் என்றால் முடிந்தது. அவளே கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்கிறாள், உள்ளே நுழைந்துகொண்டால் போதும், புளிசோறும் அப்பளமும் இருக்கும், வீட்டுக்குப் போகிற வழியில் மகளுக்குப் போன் போட்டு அம்மா ஜெயிச்சுட்டா என்று சொல்லலாம். பேசாமல் இருந்தால்கூடப் போதும், அவள் மேற்கொண்டு கேட்க மாட்டாள். பன்னிரண்டு வருஷமாகப் பேசாமல் நின்றே காரியம் நடத்திய இடம்தானே இது. கட்டையைத் தோளில் வைத்தான். மெத்தென்ற ரப்பர், உள்ளே ஈயம், முன்னால் பிரேக், ஸ்க்ரூவில் தனக்கென்று தவறாமல் விட்டுவைத்த இரண்டு சொடக்கு. உதை வரப்போகிறது என்று உடம்பு வழக்கம்போலப் பின்னால் சாய்ந்தது.

"ரெடியா?" என்றார் டேரில்.

"இல்ல" என்றான் நல்லசிவம். துப்பாக்கி முனை அட்டைப் பக்கமே இருக்க, தலையை மட்டும் திருப்பினான். "வாணி! மறக்கல. தெரிஞ்சுதான் திறக்காம விட்டேன்." தமிழ் புரியாத டேரில் டைமரைத் தாழ்த்திக்கொண்டு, என்ன ஆச்சு என்று இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

வாணி நாற்காலியிலிருந்து எழவில்லை. "தெரியுமுங்க" என்றாள். பிளாஸ்கைப் பைக்குள் வைத்துவிட்டு, "சுட்டுட்டு வாங்க, பேசிக்கலாம்" என்றாள்.

டேரில் மறுபடியும் ரெடியா என்று கேட்டார். இந்தத் தடவை நல்லசிவம் ஒன்றும் சொல்லவில்லை.